யூரியா மூட்டையோடு வரும் கடன்

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. எனக்கு நாலு ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் தென்னை. மிச்சத்தில் நெல்லும் கடலையும் உளுந்தும் மாறி மாறி வரும். பதினாலு வருஷமாக ரசாயன உரம் என் மண்ணில் படவில்லை.

படவில்லை என்றுதான் சொல்கிறேன். வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் பயிர்க்கடன் கேட்டு சொசைட்டிக்குப் போனேன். சிட்டா, அடங்கல், பாஸ்புக் எல்லாம் கொடுத்தாச்சு. கடைசியில், "அண்ணே, இவ்வளவு ரொக்கம், இவ்வளவு உரம். யூரியாவும் டி.ஏ.பி.யும் எடுத்துக்கிட்டாத்தான் கடன் கணக்கு நேராகும்" என்றார்கள். "நான் உரமே போடுறதில்லையே தம்பி" என்றேன். "போடாட்டி யாருக்காச்சும் கொடுத்துடுங்க. கணக்குல உரம் இருக்கணும்ல" என்று பதில் வந்தது.

எடுத்துக்கொண்டு வந்தேன். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் பக்கத்து வயல்காரருக்கு விற்றேன். நஞ்சில்லா வேளாண்மை பேசுகிற நான் உர வியாபாரி ஆன கதை இது. சொசைட்டித் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே இருந்து வந்த கணக்கு அப்படி.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச காலமாக எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'காலநிலை நிதி' என்ற சொல் காதில் விழுகிறது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலகம் முழுக்கப் பணம் திரட்டுகிறார்களாம். நம் நாட்டில் அதில் ஒரு பகுதி நபார்டு வழியாக வருகிறதாம். அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று உழவர்கள் நாமும் வாய் திறக்க வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: காலநிலை நிதி திட்டமாக வந்து திட்டமாகவே முடிந்துபோனால் பயனில்லை. அது பயிர்க்கடன் விதியை மாற்ற வேண்டும். மாற்றினால் நமக்கு மட்டும் இல்லை, வங்கிக்கும் லாபம்.

யார் பணம், யார் கைக்கு?

2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன. 2020-க்குள் வளரும் நாடுகளுக்காக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவோம் என்றன. அந்த அளவை எட்டியது 2022-ல்தான் என்று அந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கே சொல்கிறது. அதிலும் அரசுகள் தந்த பணத்தில் பாதிக்கு மேல் கடன். 2024-ல் பாக்கு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தியிருக்கிறார்கள்.

இதில் சிறு உழவருக்கு எவ்வளவு? ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் இன்னொரு அமைப்போடு சேர்ந்து 2017-18 ஆண்டுகளுக்கு ஒரு கணக்குப் போட்டது. உலகக் காலநிலை நிதியில் சிறு உழவர்களைத் தொட்டது 1.7 சதவீதம்தான். பெரும்பகுதி சூரிய மின்சாரம், காற்றாலை, மின்வண்டி என்று போய்விடுகிறது. அவையும் தேவைதான். ஆனால் மழை பொய்த்தால் முதலில் காய்கிறது நம்ம வயல். அதற்கு நூற்றில் இரண்டு ரூபாய்கூட இல்லை.

இனி வங்கிக்கு வருவோம். நபார்டு 1982 ஜூலை 12-ல் தொடங்கியது. அது வளர்ச்சி வங்கி. நாம் போய்க் கணக்குத் தொடங்குகிற வங்கி இல்லை. கூட்டுறவு வங்கிக்கும் கிராம வங்கிக்கும் அது மறுநிதி கொடுக்கும். அந்தப் பணம் மாவட்ட வங்கி, சொசைட்டி என்று இறங்கி நம்மிடம் பயிர்க்கடனாக வரும். நம் ஊர்ப் பாலமும் சாலையும்கூட அதன் ஊரகக் கட்டமைப்பு நிதியில் கட்டியதாக இருக்கலாம்.

2012-ல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் தகவமைப்பு நிதியம், தன் பணத்தை இந்தியாவில் நேரடியாகச் செலவிட நபார்டை அங்கீகரித்தது. 2015-ல் பசுமைக் காலநிலை நிதியமும் அங்கீகாரம் கொடுத்தது. அதே ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியும் நபார்டு வழியாகத்தான் போனது. அந்த வழியில் நடந்த வேலைகள் வீண் இல்லை. தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் பழைய நீர்வடிப் பகுதிகளைப் பருவநிலை மாற்றத்துக்குத் தாங்கும்படி சீர்செய்தார்கள். ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் குளங்கள் வழியாக நிலத்தடி நீர் செறிவூட்டவும் சூரிய பம்பு வைக்கவும் பசுமைக் காலநிலை நிதியம் 2017-ல் சுமார் 3.4 கோடி டாலர் ஒதுக்கியது. மன்னார் வளைகுடாவில் வான் தீவு கடலில் கரைந்துபோகாமல் இருக்கச் செயற்கைப் பாறைத்திட்டு போட்டதற்கும் தேசியத் தகவமைப்பு நிதியே உதவியது.

வங்கிக்கு என்ன கிடைக்கிறது?

"வங்கிக்கு இதில் என்ன ஆதாயம்?" என்று எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் ஆதாயம் கட்டணம். தகவமைப்பு நிதியம், திட்டத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் 8.5 சதவீதம் வரை அனுமதித்தது. இரண்டாவது, குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்குக் கிடைக்கும் பணம். சந்தையில் கடன்பத்திரம் விற்று வாங்கும் பணத்துக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். மூன்றாவதுதான் பெரியது. கொடுத்த கடன் திரும்பி வருவது.

மூன்றாவதை நம்ம ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா வந்தது. எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு படுத்தன. அப்புறம் கொரோனா, நிவர், புரெவி. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். 16.43 லட்சம் உழவர்கள், 12,110 கோடி ரூபாய்.

அந்தத் தள்ளுபடி தேவைதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். 12,110 கோடி என்பது சேதம் நடந்த பிறகு கொடுத்த பணம். அதில் ஒரு ரூபாய்கூட மண்ணுக்குள் போகவில்லை. அடுத்த வறட்சிக்கு அந்த வயல் முன்பு இருந்த மாதிரியேதான் நிற்கும். திரும்பக் கடன், திரும்ப வறட்சி, திரும்பத் தள்ளுபடி.

காலநிலை நிதி என்பது சேதத்துக்கு முன்னால் போட வேண்டிய பணம். மூடாக்குப் போட்ட மண், மட்குள்ள மண், வரப்போரம் மரமுள்ள வயல் இரண்டு வாரம் மழை தள்ளிப்போனாலும் தாக்குப்பிடிக்கும் என்று நம் கண்ணால் பார்த்திருக்கிறோம். மூன்று பயிர் போட்டவனுக்கு ஒன்று போனாலும் இரண்டு நிற்கும். அப்படிப்பட்ட உழவன் கடனைக் கட்டுவான். மண் செத்தால் கடனும் செத்துப்போகும். இதைப் புரிந்துகொள்ள வங்கிக்காரர் உழவராக இருக்க வேண்டியதில்லை. வாராக்கடன் கணக்கைப் பார்த்தாலே போதும்.

வெளியே நடந்த இரண்டு கதை

பிரேசில் நாட்டின் வளர்ச்சி வங்கி பி.என்.டி.இ.எஸ். 2008-ல் அமேசான் நிதியம் என்று ஒன்று தொடங்கி, அதை நிர்வகிக்கும் வேலையை அரசு இந்த வங்கியிடம் கொடுத்தது. காடழிப்பு குறைந்தால் நார்வேயும் ஜெர்மனியும் பணம் தரும். வங்கி தன் செலவுக்கு நன்கொடையில் 3 சதவீதம் எடுத்துக்கொள்ளும். நல்லாத்தான் போனது. 2019-ல் வந்த அரசு, அந்த நிதியத்தை வழிநடத்திய குழுக்களைக் கலைத்தது. மாநில அரசுகளும் மக்கள் அமைப்புகளும் உட்கார்ந்திருந்த குழு அது. கலைத்ததும் நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்திவிட்டன. 2023-ல் அடுத்த அரசு குழுவைத் திரும்ப அமைத்த பிறகே நிதியம் உயிர் பெற்றது. மக்களை வெளியே தள்ளினால் வங்கியும் இழக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு கதை பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திராவில் சமூகம் சார்ந்த இயற்கை வேளாண்மைத் திட்டத்துக்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி கே.எஃப்.டபிள்யூ. 9 கோடி யூரோ கடன் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஒரு வளர்ச்சி வங்கி, பூச்சிக்கொல்லி தெளிக்காத வயலை நம்பிக் கடன் கொடுக்கிறது. அங்கே மகளிர் குழுக்கள்தான் முதுகெலும்பு. ஏற்கெனவே இயற்கைக்கு மாறிய உழவரே மற்ற உழவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தக் கடனை ஆந்திர அரசு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், 'இயற்கை வேளாண்மைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது' என்ற பேச்சு இனி எடுபடாது.

ஒரு கை கொடுக்கிறது, ஒரு கை எடுக்கிறது

நபார்டுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். 2022-ல் 'ஜீவா' என்ற பெயரில் 11 மாநிலங்களில், தன் நீர்வடிப் பகுதிகளிலும் பழங்குடி மக்களின் பழத்தோட்டப் பகுதிகளிலும் இயற்கை வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. 2024 ஏப்ரலில், 2030 வரைக்கான காலநிலைத் திட்டத்தையும் வெளியிட்டது. பசுமைக் கடனை வேகப்படுத்துவதுதான் அதன் முதல் தூண்.

சந்தோஷம். ஆனால் அதே வங்கியின் மறுநிதியில் ஓடும் சொசைட்டியில்தான் எனக்கு யூரியா மூட்டை வந்தது. ஒரு கையால் மூடாக்குக்கு மானியம், இன்னொரு கையால் உரத்தோடு கடன். இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கிறது. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை போல.

இந்தச் சிக்கலுக்கு வேர் ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் கூடி, எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்கிறது. கிசான் கடன் அட்டை வரம்பும் அதை வைத்துத்தான். அந்தத் தொகையோடு வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கு 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்ப்பார்கள். அடிப்படைத் தொகை தனிப்பயிருக்கு, ரசாயன முறைக்கு என்று போட்டது. கடலையில் ஊடுபயிராகத் துவரையும் வரப்பில் ஆமணக்கும் போடுகிற என் வயல் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. எனக்குச் செலவில் பெரும்பகுதி ஆள்கூலி. களையெடுப்பு, கரைசல் தயாரிப்பு, மூடாக்குப் பரப்புவது. பலதானியம் விதைத்து மடக்கி உழுதால் இரண்டு மாசம் வயல் வருமானம் இல்லாமல் கிடக்கும். இதற்கெல்லாம் அட்டவணையில் வரி கிடையாது.

தவணை அடுத்த சிக்கல். குறுகிய காலப் பயிருக்கு 12 மாசத்தில் கட்ட வேண்டும். குறித்த நாளில் கட்டினால் நம் கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியே இல்லை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ரசாயனத்திலிருந்து மாறும் நிலத்துக்கு 12 மாசம் போதாது. சான்றிதழுக்கே 2 முதல் 3 ஆண்டு மாறுகாலம். மண் எழுந்து உட்காரவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும்.

என் மச்சினன் இதில்தான் விழுந்தான். மூணு ஏக்கர்காரன். என்னைப் பார்த்து 2017-ல் மாறினான். முதல் போகத்தில் நெல் குறைந்தது. குறையும் என்று நானே சொல்லியிருந்தேன். தவணை வந்தது. என் தங்கச்சி முறையான அவன் பொண்டாட்டியின் நகையை அடகு வைத்துக் கட்டினான். அடுத்த வருஷம் கஜாவில் நாற்பது தென்னை போச்சு. அடுத்த போகத்துக்கே உரக்கடைக்குப் போய்விட்டான். "யூரியா போட்டா வயல் பச்சையாத் தெரியுது அத்தான். சொசைட்டிக்கும் அந்தப் பச்சைதான் தெரியுது" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நகையை வைத்து முன்னாடியே கட்டிவிட்டதால் 2021 தள்ளுபடியிலும் அவன் பேர் வரவில்லை. நேர்மையாகக் கட்டியவனுக்கும் மண்ணைக் காப்பாற்ற நினைத்தவனுக்கும் நம் கடன் முறை கொடுத்த பரிசு அது.

இயற்கைக்கு வந்து திரும்பிப் போனவர்களை நாம் எண்ணுவதே இல்லை. அவர்கள் கொள்கையில் தோற்கவில்லை. தவணைத் தேதியில் தோற்றார்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஒன்று. மாவட்டப் பயிர்க்கடன் அட்டவணையில் இயற்கை வேளாண்மைக்கும் கலப்புப் பயிருக்கும் தனி வரி வேண்டும். உரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவருக்கு அந்தப் பகுதி ரொக்கமாகவோ, விதை, புண்ணாக்கு, மூடாக்குச் செலவாகவோ கிடைக்க வேண்டும். இதற்குக் காலநிலை நிதிகூடத் தேவையில்லை. மனசு இருந்தால் போதும்.

இரண்டு. மாறுகாலக் கடன். 4 அல்லது 5 ஆண்டுத் தவணை, முதல் இரண்டு ஆண்டு அசல் கட்டத் தேவையில்லை. இதில் வங்கிக்குப் பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குத்தான் காலநிலை நிதியை உத்தரவாதமாக வைக்க வேண்டும். கடன் திரும்பாவிட்டால் முதல் இழப்பை அந்த நிதி ஏற்கட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு இப்படி உத்தரவாத நிதி ஏற்கெனவே இருக்கிறது. நபார்டின் துணை நிறுவனம்தான் அதை நடத்துகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தனி உழவருக்கும் நீட்டினால் போதும். நூறு ரூபாயை மானியமாகக் கொடுத்தால் நூறு ரூபாய் வேலைதான் நடக்கும். அதையே உத்தரவாதமாக வைத்தால் பல நூறு ரூபாய்க் கடன் வெளியே வரும்.

மூன்று. மழையோடு பேசும் தவணை. பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்று அரசு அறிவித்தால் கடனை மாற்றியமைக்க இப்போதும் விதி உண்டு. ஆனால் அறிவிப்பு வருவதற்குள் நகை அடகுக்குப் போய்விடுகிறது. வட்டார மழைமானி குறித்த அளவுக்குக் கீழே காட்டினால் தவணை தானாகவே தள்ளிப்போக வேண்டும். அந்த இடைக்கால வட்டியைக் காலநிலை நிதி கட்டட்டும்.

நான்கு. கணக்கு தமிழில் வேண்டும். எங்கள் ஒன்றியத்துக்கு எந்த நிதி வந்தது, யார் செய்தார்கள், எவ்வளவு செலவு என்று கிராமசபையில் வாசிக்க வேண்டும். திட்டக் குழுவில் உழவர் அமைப்புகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் இடம் வேண்டும். பிரேசில் கதை ஞாபகம் இருக்கட்டும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். காலநிலை நிதி என்ற பெயரில் கார்பன் கிரெடிட் ஒப்பந்தத்தை யாராவது நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு நிலம் கட்டுப்படும், மரம் புயலில் விழுந்தால் யார் பொறுப்பு, விற்ற விலையில் நமக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கஜாவைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியின் கனம் தெரியும். நான் பேசுவது மண்ணைத் தாங்கவைக்கும் பணம். நம் மண்ணைக் காட்டி வேறொருவர் புகையை நியாயப்படுத்தும் பணம் இல்லை.

நம் பக்கமும் குறை உண்டு. எத்தனை பேர் பண்ணைக் கணக்கு எழுதுகிறோம்? "இயற்கையில செலவு கம்மி" என்று மேடையில் பேசுகிறோம். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்குகிறோம். வங்கி எழுத்தைத்தான் நம்பும். நான் மூன்று ஆண்டாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவருகிறேன். ஆள்கூலி, விதை, கரைசல், மகசூல், விற்ற விலை, மழை பெய்த நாள். இதே மாதிரி ஒன்றியத்துக்கு இருபது நோட்டு சேர்ந்தால், அதுதான் இயற்கை வேளாண்மைக்கான கடன் அட்டவணை. 2023 மார்ச்சில் தமிழக அரசே அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

எங்கே கேட்பது? ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. நபார்டுக்கு மாவட்ட வளர்ச்சி மேலாளர் இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் மாவட்டத்துக்கான கடன் திட்ட அறிக்கையை நபார்டு தயாரிக்கிறது. தண்ணீர் வரவில்லை, உரம் கிடைக்கவில்லை என்று கேட்கிற அதே மேடையில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் கேளுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாசம் மச்சினன் வயலுக்குப் போயிருந்தேன். கஜாவுக்குப் பிறகு நட்ட தென்னங்கன்று குரும்பை விட்டிருக்கிறது. "திரும்ப மாறலாம்னுதான் தோணுது அத்தான். ஆனா இந்தத் தடவை நகை இல்லை" என்றான். அடுத்த குறைதீர்க்கும் நாளுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். என் நோட்டில் லாபக் கணக்கு இருக்கிறது. இயற்கைக்கு வந்து ஏன் திரும்பிப் போனான் என்ற கணக்கை அவன்தான் சொல்ல முடியும். வங்கி முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.